ரசிகரும் நாயகரும்

திருவண்ணாமலையைப் பௌர்ணமி இரவில் வலம் வருவோர் நடக்கும் தொலைவு ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அம்மலையின் மேலைப்புறத்தே, வலம் வரும் பாதையிலேயே, அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் அமைந்துளது. மாணிக்கவாசகப் பெருமான் திருவெம்பாவை பாடியருளிய இடம் இதுவே என்பது வழிவழி வந்த வழக்கு. இவ்வூரை நள்ளிரவிற் கடக்கும் கூட்டத்தோடு நாமும் கலந்து நடப்போமாயின், முதியோர் நாவிற் சிவநாமம் ஒலிக்க, இளைஞர் சிலர் நாவில் வேறு நாமங்கள் ஒலிக்கக் கேட்கலாம். ஒருவன் இராசராச சோழனைப் பற்றிப் பேசுகின்றான். மற்றொருவன் இரும்புக்கை மாயாவியின் பெருமையை விரிக்கின்றான். மூன்றாமவனுக்கோ தான் போற்றும் நடிகர் நாட்டை ஆள்வாரா என்பதே கவலை. அவர்கள் கையிலுள்ள கைப்பேசியில், முகமறியாத தோழர் பலர் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அப்பேச்சிற் கலந்துகொண்டு, உடன்பட்டும் மறுத்தும் எழுதுகின்றனர்.

“இஃது என்ன வீண்பொழுது!” என்று பெரியோர் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. சரித்திரம் கற்க நூலகம் உண்டு. அரசியல் அறியச் செய்தித்தாள் உண்டு. வீரசாகசக் கதைகளோ சிறுவர்க்கு உரியவை. இம்மூன்றையும் ஒருங்கே குழைத்து இரவும் பகலும் பேசுவதனால் விளையும் பயன் யாது என்பது அவர்தம் வினா. வினா நியாயமானதே. ரசிகர் குழாம் என்பது யாது, அது நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது, அதனால் வரும் நன்மை தீமைகள் எவை என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்ந்து, அவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

ஒரு கதையைப் படித்து மகிழ்பவன் வாசகன். அக்கதையை மறவாது, மீண்டும் மீண்டும் படித்து, தன்னைப் போன்ற பிறரைத் தேடிச் சென்று அளவளாவுபவனே ரசிகன். வாசகன் தனித்திருந்து சுவைப்பான். ரசிகனுக்கோ கூட்டம் இன்றியமையாதது. அக்கூட்டத்தில் நிகழும் தொழில்களை உற்று நோக்கினால் அவை கல்விக் கழகங்களில் நிகழ்வனவற்றிற்குப் பெரிதும் ஒத்திருத்தலைக் காணலாம். ஒருவர் பழைய இதழ்களைத் தேடிச் சேர்க்கின்றார். ஒருவர் அட்டவணை வகுக்கின்றார். ஒருவர் முற்பகுதியிற் கூறியதும் பிற்பகுதியிற் கூறியதும் முரண்படுவதைச் சுட்டுகின்றார். மற்றொருவர் அம்முரணுக்கு அமைதி கூறுகின்றார். உரையாசிரியர் காலந்தொட்டு நம் புலவர் செய்து வந்த வேலையும் இதுவேயன்றோ? ஊதியமும் தேர்வும் இன்றி, அன்பு ஒன்றே காரணமாக இவ்வுழைப்பு நடைபெறுவதுதான் வியப்பு.

இனி, அதிமானுட வீரர் கதைகளை முதற்கண் நோக்குவோம். உலகெங்கும் பெயர் பெற்ற சூப்பர்மேன் என்னும் வீரன் தோன்றிய வரலாறு, கல்லூரி இதழில் எழுதும் நமக்குச் சிறப்பாக உரியது. அமெரிக்க நாட்டுக் கிளீவ்லண்டு நகரில், கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில், ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் மாணவர் இருவர் பயின்றனர். விஞ்ஞானக் கதைகளில் அளவிறந்த மோகம் கொண்ட சீகல், தாமே ஒரு சிறு பத்திரிகையை நகலெடுத்து வெளியிட்டு வந்தார். அதில் 1933 ஜனவரியில் அவர் எழுதிய கதையொன்றிலேயே சூப்பர்மேன் என்னும் பெயர் முதன்முதல் அவர் கையில் உருப்பெற்றது. அப்பொழுது அவருக்கு வயது 18. வியப்பு யாதெனின், அக்கதையில் அவன் நல்லவன் அல்லன். பிறர் மனத்தை அறியும் ஆற்றல் பெற்று, அதனால் உலகை அடக்கியாள விழைந்த கொடியவன். பின்னர் அவ்விருவரும் எண்ணி எண்ணித் திருத்தி, எளியோரைக் காக்கும் வீரனாக அவனை மாற்றினர். 1938-இல் அச்சேறியவன் அந்த இரண்டாம் வீரனே. அவனுக்குரிய முழு உரிமையையும் அவ்விளைஞர் 130 டாலருக்கு விற்றுவிட்டனர் என்பது வருந்தத்தக்க பின்கதை.

அவ்வீரர் மரபு தமிழ்நாட்டிற்குச் சிவகாசி வழியாகவும் வந்தது. 1972-இல் அவ்வூரிலிருந்து முத்து காமிக்ஸ் என்னும் சித்திரக்கதை வெளியீடு தொடங்கிற்று. அதன் முதலிதழே இரும்புக்கை மாயாவி. ஆங்கில நாட்டுக் கதையின் தமிழ் வடிவமான இதில், மின்சாரம் உடலிற் பாய்ந்தவுடன் நாயகன் கண்ணுக்கு மறைந்துபோவான். அவனது இரும்புக் கை ஒன்று மட்டுமே தெரியும். அவனும் தொடக்கத்தில் தன் ஆற்றலைத் தீநெறியிற் செலுத்தி, பின்னரே திருந்தினான். 1984-இல் தோன்றிய லயன் காமிக்ஸில் ஸ்பைடர் என்னும் நாயகன் புகழ் பெற்றான். குற்றவாளிகளின் தலைவனாக விளங்கிப் பின்னர்க் குற்றங்களை எதிர்க்கப் புகுந்த அவனது கதைகளுட் பலவற்றை எழுதியவர் முன்பு நாம் கண்ட அதே சீகல். சிவகாசியில் அச்சான அக்கதைகளைக் காசு சேர்த்து வாங்கிப் படித்த தமிழ்ச் சிறுவர், கிளீவ்லண்டு மாணவன் ஒருவன் எண்ணிய எண்ணத்தின் தொடர்ச்சியையே தாம் படிக்கின்றோம் என்பதை அறிந்திலர். ஆற்றல் வேறு, அறம் வேறு; ஆற்றல் உடையான் ஒருவன் அறத்தின்பாற் சேர்வது அவன் தேர்ந்து செய்யும் செயல் என்பதே இம்மூவர் கதையும் உணர்த்தும் பொருள். இக்கருத்தைப் பின்னரும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அவ்வெளியீடுகள் இடையிடையே தளர்வுற்ற காலத்தும் ரசிகர் அவற்றைக் கைவிட்டாரில்லை. பழைய புத்தகக் கடைகளில் தேடினர்; தம்முள் மாற்றிக்கொண்டனர்; பின்னர் இணையத்திற் கூடி, விடுபட்ட இதழ்களின் பட்டியல் வகுத்தனர். 2012-இல் அவ்வெளியீடுகள் புத்துயிர் பெற்றபொழுது அவற்றை வரவேற்க ஒரு கூட்டம் காத்திருந்தமைக்கு இவ்வுழைப்பே காரணம்.

நிற்க. சரித்திரத்தின்பாற் செல்வோம். கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் எழுதிய பொன்னியின் செல்வன், தமிழரிற் பலருக்குச் சோழரை முதன்முதல் அறிமுகம் செய்த நூல். 1999-இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. மதுரைத் திட்டத்தார் போன்ற தன்னார்வலர் அந்நாவலை இணையத்தில் ஏற்ற, கடல் கடந்து வாழும் தமிழரும் அதனை எளிதிற் பெற்றனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், பொன்னியின் செல்வன் வரலாற்றுப் பேரவை என்னும் பெயரால் வாசகர் பலர் யாஹூ மடற்குழு ஒன்றிற் கூடினர். முதலில் நாவலின் பாத்திரங்களைப் பற்றியே வாதித்தனர். பின்னர், அப்பாத்திரங்கள் நடமாடிய ஊர்களை நேரிற் காண வேண்டும் என்னும் ஆவல் பிறந்தது. கூட்டமாகப் புறப்பட்டுக் கோயில்களை அடைந்தனர். அங்கே கல்வெட்டுக்களை எதிர்ப்பட்டனர்.

கல்வெட்டு ரசிகனுக்கு இனிமையும் செய்யும், ஏமாற்றமும் செய்யும். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிற் சுவரில், முதலாம் இராசராசனது 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உளது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களை அது கூறுகின்றது. அவற்றுள் ரவிதாசன் என்னும் பெயரைக் காணும் வாசகன், ‘இவன் மெய்யாகவே வாழ்ந்தானா!’ என்று திடுக்கிடுவான். வந்தியதேவரும் அங்ஙனமே, தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு குந்தவையாரை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் எனக் குறிக்கின்றது. ஆயின், அவர் ஓலை தாங்கிக் குதிரையேறிச் சென்ற செய்தி எக்கல்லிலும் இல்லை. நந்தினியோ முற்றிலும் கல்கியின் கற்பனை. இதனை அறிந்து ‘நம் நாவல் பொய்யாயிற்றே’ என்று மனமுடைந்து திரும்பினவரும் உண்டு. ‘கல்லில் இருப்பது எவ்வளவு, ஆசிரியர் சேர்த்தது எவ்வளவு’ என்று பிரித்தறியப் புகுந்தவரும் உண்டு. பின்னவருட் சிலர் கல்வெட்டுப் படிக்கப் பயின்று, கோயிற் கட்டடக் கலை கற்று, கட்டுரைகள் எழுதலாயினர். யாஹூ மடற்குழுக்கள் 2020-இல் மூடப்பட்டன. அவர் பெற்ற பயிற்சி மூடப்படவில்லை. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அந்நாவல் திரைப்படமாக வந்தபொழுது, புதிய தலைமுறையினரும் அதே வழியிற் புறப்பட்டனர்.

அரசியலிலோ ரசிகத்தன்மை வேறு உருக்கொள்கின்றது. எம்.ஜி.ஆர். ரசிகர் மன்றங்களின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. 1967 ஜனவரி 12-ஆம் நாள் அவர் சுடப்பட்டார். கழுத்திற் கட்டுடன் அவர் தோன்றிய படம் அவ்வாண்டுத் தேர்தலில் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. மருத்துவமனையில் இருந்தவாறே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். 1972 அக்டோபரில் அவர் தனிக்கட்சி கண்டபொழுது, ஊர்தோறும் இருந்த ரசிகர் மன்றங்களே அக்கட்சியின் கிளைகளாயின. 1977-இல் முதலமைச்சரான அவர், 1987-இல் மறையும் வரை மக்கள் அன்பை இழக்கவில்லை. 2024 பிப்ரவரியில் நடிகர் விஜய் கட்சி தொடங்கியபொழுதும் அவருடைய ரசிகர் அமைப்பே அதற்கு அடித்தளமாயிற்று. எளிய மக்களை ஒன்றுகூட்டி, ஊர்வேலை செய்யப் பழக்கியமை இம்மன்றங்களின் நன்மை. வாளெடுத்து ஏழையைக் காத்தவன் திரையில் வாழும் பாத்திரம் என்பதையும், வாக்குக் கேட்பவர் வேறொரு மனிதர் என்பதையும் மறக்கச் செய்தல் இவற்றின் இடர். திரையில் அறம் பாத்திரத்தோடு எழுதப்பட்டே வருகின்றது. ஆட்சியில் அதனை நாள்தோறும் மெய்ப்பிக்க வேண்டும்.

இணையம் இவ்விடரை ஒருபடி மிகுவித்தது என்னலாம். முற்காலத்தில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவன் மறுமொழி காணப் பல வாரங்கள் காத்திருந்தான்; அதற்குள் சினம் ஆறும். இன்றோ நொடியில் எழுதி நொடியில் வசை பெறுகின்றான். அன்றியும், எதனை விரும்பிப் பார்க்கின்றோமோ அதனையே மேன்மேலும் கொணர்ந்து தருமாறு அவ்வியந்திரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஆதலின், தன் நாயகனைப் போற்றும் குரலன்றி வேறு குரல் கேளாமலே ஒருவன் பல்லாண்டு வாழ்ந்துவிடலாம். ஆயிரம் ஆண்டிற்கு முந்திய சோழ மன்னனை ‘எம் குலத்தான்’ எனப் பல சாதியார் உரிமை கொண்டாடிப் பூசலிடுவதும் இதனாற் பெருகுகின்றது. ஆராய்ச்சிக்கு வித்தாக வேண்டிய அன்பு அங்கே ஆயுதமாகிவிடுகின்றது.

அவ்வாறாயின் நல்ல ரசிகனை அறிவது எங்ஙனம்? அதற்கு உரைகல் அண்ணாமலையின் அடிவாரத்திலேயே உளது. அருணாசலேசுவரர் திருக்கோயிலில் வல்லாள மகாராஜன் பெயரால் ஒரு கோபுரம் நிற்கின்றது. அம்மன்னன் மகப்பேறு இல்லாதவன் என்றும், சிவபெருமானே அவன் மனைவி கையிற் குழந்தையாய்த் தோன்றினார் என்றும் அருணாசல புராணம் கூறும். அதனால், ஆண்டுதோறும் மாசி மாதத்தில் பெருமான் பள்ளிகொண்டாப்பட்டிற்கு எழுந்தருளி, மகன் முறையில் அவனுக்கு நீர்க்கடன் ஆற்றுகின்றார். கேட்பார் நெஞ்சை உருக்கும் நிகழ்ச்சி இது.

சரித்திரம் கூறுவது வேறு. அவன் ஹொய்சள மன்னனாகிய மூன்றாம் வீரவல்லாளன். 1311-இல் மாலிக் காபூர் துவாரசமுத்திரத்தின்மேற் படையெடுத்தான். அதற்குப் பின்னர்ப் பலமுறை அலைக்கழிந்த இம்மன்னன் திருவண்ணாமலையையும் தன் இருப்பிடமாகக் கொண்டு, முதுமையிலும் மதுரைச் சுல்தானை எதிர்த்துப் போரிட்டு, 1342-ஐ ஒட்டி மாண்டான். வைக்கோல் அடைத்த அவன் தோல் மதுரை மதிலில் தொங்கக் கண்டதாக இபின் பதூதா எழுதிவைத்துளர். இன்னுமொன்று: அவனுக்கு விருபாட்சன் என்னும் மகன் இருந்தான், தந்தைக்குப் பின் முடிசூடியவனும் அவனே.

இதனைக் கேட்ட வல்லாளன் அன்பன் என் செய்வான்? சினந்து, ‘இது பகைவர் கட்டியது’ என்று சொல்வானாயின் அவன் கல்வி அங்கே முடிந்தது. சிரித்து, ‘புராணம் வெறும் கதை’ என்று சொல்வானாயின், தோற்று மாண்ட அயல்நாட்டு மன்னன் ஒருவனை 600 ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூர் தன் தெய்வத்திற்கே தந்தையாக்கி நினைந்து வருவது ஏன் என்னும் அரிய வினாவை இழந்துவிடுவான். இரண்டையும் கேட்டு, இரண்டையும் இடமறிந்து வைத்து, ‘மகன் இருந்தவனை மகன் இல்லாதவன் என்று ஊர் ஏன் சொல்லிற்று’ என்று தேடப் புறப்படுபவனே மெய்யான ரசிகன். அவனுடைய அன்பு குறைவதில்லை. அதற்குக் கண் கிடைக்கின்றது.

மாணவ நண்பர்களே, நும் நாயகரை விட்டுவிடுமாறு யாம் கூறோம். அவரைப் பற்றி நுமக்கு இனிமை தராத உண்மையொன்று கிட்டும் நாளில் அதனை மறையாது நும் கூட்டத்தின் நடுவே வைக்கும் துணிவு வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. அடி அண்ணாமலையில் நின்று காணும் மலை, கிழக்கே கோயில் வாயிலில் நின்று காணும் மலையின் தோற்றத்தை ஒப்பதன்று. வலம் வருவோர் அதற்காக மலையோடு பிணங்குவதில்லை, மேலும் நடக்கின்றனர்.