தலாக்: சொல்லும் பதிவும்

 

நமது கிராமங்களில் நாம் அடிக்கடி காணும் ஒரு நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டில் தொழில் புரியும் கணவர் தொலைபேசியில் தலாக் சொல்லிவிடுகிறார். மனைவி தாய் வீட்டிலிருந்து இத்தாவை நிறைவு செய்கிறாள். ஆண்டுகள் சில கழிகின்றன. நல்லதொரு வரன் வருகிறது. நிகாஹுக்கு நாள் குறிக்கச் சென்ற தந்தையிடம் விவாகப் பதிவாளர் கேட்கும் முதற் கேள்வி, "விவாகரத்துப் பத்திரம் எங்கே?" என்பதாகும். பத்திரம் இல்லை. தலாக் சொன்னவர் இப்போது "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்கிறார். சாட்சிக்கு ஆள் இல்லை. அந்தப் பெண் மனைவியுமல்லள், விடுதலை பெற்றவளுமல்லள் என்ற நிலையில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். மனைவியரை அந்தரத்தில் தொங்கவிடுவதையும், தீங்கிழைக்கும் நோக்கில் தடுத்து வைப்பதையும் அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் (4:129, 2:231) கண்டித்துள்ளான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கடனைக் கூட எழுதி வைக்குமாறு கட்டளையிடும் வசனமே அல்குர்ஆனில் மிக நீண்ட வசனமாகும் (2:282). ஸூறத்துத் தலாக்கின் ஆரம்ப வசனங்கள் இத்தாவைக் கணக்கிடுமாறும், நேர்மையான இருவரைச் சாட்சியாக்குமாறும் ஏவுகின்றன. இவ்வாறு சாட்சி வைப்பது விரும்பத்தக்கது என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. சாட்சியின்றிச் சொன்ன தலாக்கும் நிகழ்ந்துவிடும். அதனாற்றான் ஆபத்து அதிகம். சொல் நிகழ்ந்துவிடுகிறது, ஆனால் ஆதாரம் எஞ்சுவதில்லை.

இலங்கையில் முஸ்லிம்களின் விவாகமும் விவாகரத்தும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இதற்கு முன்னர் 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், அதற்கும் முன்னர் 1806ஆம் ஆண்டின் முஹம்மதியச் சட்டக் கோவையும் இருந்தன. இச்சட்டத்தைத் திருத்துவது பற்றிய வாதங்கள் நீண்ட காலமாக நடைபெறுகின்றன. நீதியரசர் ஸலீம் மர்ஸூப் அவர்களின் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல் தன் அறிக்கையைக் கையளித்தது. அவ்வாதங்களுக்குள் நாம் இங்கு நுழையவில்லை. இன்று காதியின் வாசலில் நிற்கும் ஒருவருக்குத் தேவையானவற்றை மட்டும் விளக்குவோம்.

கணவர் தலாக் சொல்ல நாடினால், மனைவி வசிக்கும் பகுதிக்குரிய காதிக்கே முதலில் அறிவிக்க வேண்டும். இதைப் பலர் தலைகீழாக விளங்கியிருக்கின்றனர். தம் ஊர்க் காதி தமக்குப் பழக்கமானவர் என்பதற்காக அங்கே சென்று நிற்கின்றனர். அறிவித்தல் கிடைத்ததும் இரு தரப்பு உறவினரையும் ஊர்ப் பெரியோரையும் கொண்டு இணக்கம் காண முயல்வது காதியின் கடமையாகும். கணவரின் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும், மனைவியின் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அனுப்புமாறு கூறும் 4:35 வசனத்தின் சாயலை இங்கே காணலாம். 30 நாட்களுக்குள் இணக்கம் ஏற்படாவிட்டால், கணவர் காதியின் முன்னிலையில், இரண்டு சாட்சிகள் இருக்க, தலாக்கை மொழிய வேண்டும். காதி அதைப் பதிவு செய்வார். மனைவி சமுகமளிக்காவிட்டால் அவளுக்கு அறிவிக்கப்படும்.

இந்த 30 நாட்களை வீணான தாமதம் என்று இளைஞர்கள் சலித்துக்கொள்கின்றனர். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்கள் மாதவிடாய்க் காலத்தில் தம் மனைவியைத் தலாக் கூறிய செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவளைத் திருப்பி அழைத்துக்கொள்ளுமாறும், அவள் தூய்மையடைந்து, பின்னர் மாதவிடாய் ஏற்பட்டு, மீண்டும் தூய்மையடையும் வரை பொறுத்திருக்குமாறும் ஏவினார்கள் என்பது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. கோபத்துக்கும் தீர்மானத்துக்கும் இடையே காலத்தை வைப்பது சுன்னாவின் வழி. அல்லாஹ்விடம் மிக வெறுப்புக்குரிய ஹலால் தலாக் என்று மிம்பர்களில் அடிக்கடி கூறப்படும் ஹதீஸின் அறிவிப்பாளர் வரிசையில் கருத்து வேறுபாடு உண்டு. இப்னு உமர் (ரழி) அவர்களின் சம்பவமோ ஐயத்துக்கு இடமற்றது. அதையே நாம் அதிகம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விடயத்தை மிகக் கவனமாக வாசியுங்கள். வீட்டில் ஏற்கனவே தலாக் சொல்லிவிட்டுக் காதியிடம் வருபவர் அதை மறைக்கக் கூடாது. எந்தத் தேதியில், எந்தச் சொல்லால், எத்தனை தடவை சொன்னார் என்பதை உள்ளபடி கூற வேண்டும். மறைத்துவிட்டுக் காதியின் முன் மீண்டும் மொழிந்தால், இத்தா முடிந்திராத நிலையில் அது இரண்டாவது தலாக்காகக் கணிக்கப்படும் நிலை வரலாம். மீட்டுக்கொள்ளும் வாய்ப்பு அறியாமலே குறைந்துவிடும். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது பற்றி நமது மத்ஹபின் நிலைப்பாடும் வேறு சில அறிஞர்களின் கருத்தும் வேறுபடுவதை நீங்கள் அறிவீர்கள். அந்த வாதத்துக்குள் தம் குடும்பத்தைத் தள்ளாதிருப்பதே புத்தியுள்ளவனின் செயல். ஒரு தலாக் போதுமானது. இத்தா முடிந்தால் பிரிவு உறுதியாகிவிடும். பின்னர் மனம் மாறினால் புதிய மஹருடன் புதிய நிகாஹ் செய்யவும் வழியிருக்கும்.

மனைவி பிரிய நாடினால் அவளுக்குப் பஸ்ஹ் என்ற வழி உண்டு. கணவர் கொடுமைப்படுத்துதல், தாபரிப்பு வழங்காதிருத்தல் போன்ற குறைகளை முன்வைத்து, அவள் தான் வசிக்கும் பகுதிக் காதியிடம் விண்ணப்பிக்கலாம். இதற்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை. காதியுடன் மூன்று முஸ்லிம் மதிப்பீட்டாளர்கள் (ஊர் வழக்கில் ஜூரிமார்) அமர்ந்து விசாரிப்பர். அவளது வாக்குமூலத்துடன் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். இங்கேதான் கிராமத்துப் பெண்கள் பின்தங்கிவிடுகின்றனர். அடி உதையைக் கண்ணால் கண்ட அயலவர் காதியின் முன் வர அஞ்சுகின்றனர். உண்மையை அறிந்தவர் சாட்சியத்தை மறைப்பதும் பாவமே (2:283). வைத்தியசாலைத் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கணவர் பணம் அனுப்பாததைக் காட்டும் வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்திருப்பது உதவும்.

குல்உ என்பது மனைவி ஈடு கொடுத்துப் பிரிவது. ஸாபித் இப்னு கைஸ் (ரழி) அவர்களின் மனைவி, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்த சம்பவம் இதற்கு ஆதாரமாகும். ஆயினும் நம் ஊர்களில் சிலர், குறை தம்மிடமிருக்க, பஸ்ஹுக்கு உரிமையுள்ள பெண்ணைக் குல்உ கேட்கும்படி நெருக்கி, இலட்சக்கணக்கில் பணம் கோருகின்றனர். மகளுக்கு விடுதலை கிடைத்தால் போதும் என்று காணியை ஈடு வைத்துக் கொடுக்கும் தந்தையர்க்குச் சொல்கிறேன்: கொடுக்குமுன் பஸ்ஹ் பற்றிக் காதியிடம் கேளுங்கள்.

மஹர், இத்தாக் காலத் தாபரிப்பு, பிள்ளைகளின் தாபரிப்பு, கைக்கூலி என்பன பற்றிய கோரிக்கைகளையும் காதி விசாரிக்கலாம். மணமகளின் தரப்பில் மணமகனிடம் கொடுக்கப்பட்ட, அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்பட்ட பணமும் அசையும் பொருளுமே சட்டத்தில் கைக்கூலி எனப்படுகின்றன. வீடு, வளவு பற்றிய பிணக்கும், பிள்ளைகளின் பராமரிப்புப் பொறுப்பு யாருக்கு என்ற வழக்கும் காதியின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்கு மாவட்ட நீதிமன்றத்தையே நாட வேண்டும். இது தெரியாமல் மாதக்கணக்கில் காதியிடம் அலைந்தவர்கள் பலர். காதி கட்டளையிட்ட தாபரிப்பைச் செலுத்தாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடலாம். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. ஆகவே சொல்ல வேண்டியதை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். தீர்ப்பில் திருப்தியில்லையெனில் 30 நாட்களுக்குள் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும்.

மற்றொரு முக்கிய விடயம். பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த தம்பதியர் காதியிடம் விவாகரத்துப் பெற முடியாது. அவர்கள் மாவட்ட நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாயிற்று என்பதை விவாகச் சான்றிதழின் தலைப்பே காட்டும். நிகாஹ் வேளையில் பெண்ணின் சார்பில் வலியே முன்னிற்பதால், தம் சான்றிதழைக் கண்ணாலும் கண்டிராத பெண்கள் நம்மிடையே உள்ளனர். பெற்றோர்களே, திருமணமான மகளின் கையில் அதன் உறுதிப்படுத்திய பிரதியொன்று இருக்கட்டும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து அதைப் பெறலாம்.

இனி, பழைய விவாகரத்துப் பதிவைத் தேடுவோர் விடயம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறியோரும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வீட்டோடு ஆவணங்களையும் இழந்த கிழக்குக் கரையோரத்தாரும் இதன் வேதனையை நன்கறிவர். முதலில் மூன்று தகவல்களைத் திரட்டுங்கள்: விவாகரத்து நடைபெற்ற ஆண்டு, அப்போது மனைவி வசித்த ஊர், அன்றிருந்த காதியின் பெயர். நடவடிக்கை நடந்த பகுதியைப் பொறுத்தே பதிவு இருக்கும். நீங்கள் இப்போது வாழும் பகுதிக் காதியிடம் தேடிப் பயனில்லை. காதிமார் குறித்த காலத்துக்கே நியமிக்கப்படுகின்றனர். பலர் பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ சொந்த வீட்டிலோ அமர்ந்து விசாரிப்பவர்கள். எனவே பழைய காதி காலஞ்சென்றிருந்தால் அவரது வீட்டாரிடம் நின்றுவிடாமல், அப்பகுதிக்கு இப்போது நியமிக்கப்பட்டுள்ள காதியிடம் விசாரியுங்கள். அங்கு கிடைக்காவிட்டால் கச்சேரியிலுள்ள மாவட்டப் பதிவாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அதற்கும் பயனில்லையெனில் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு எழுதலாம். விண்ணப்பத்தில் இருவரின் முழுப் பெயர், தந்தையர் பெயர், அடையாள அட்டை இலக்கம், விவாகப் பதிவு இலக்கம் ஆகியன இருத்தல் வேண்டும். பெயரின் எழுத்து வேறுபாட்டால் கிடைக்காமற் போவதும் உண்டு. முஹம்மது என்பதை எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே நிகாஹ் பதிவில் எழுதப்பட்டபடியே எழுதுங்கள்.

எங்கும் பதிவே இல்லையெனில், தலாக் வாயால் சொல்லப்பட்டதோடு நின்றிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். கணவர் உயிருடன் இருந்து ஒத்துழைப்பாராயின் இருவரும் காதியிடம் சென்று, நடந்ததைக் கூறிப் பதிவை ஒழுங்குபடுத்தக் கோரலாம். அவர் மறுத்தால், அல்லது இருக்குமிடம் தெரியாவிட்டால், அவள் தன் பகுதிக் காதியிடம் பஸ்ஹுக்கு விண்ணப்பிக்கட்டும். தாபரிப்பின்றிக் கைவிடப்பட்ட ஆண்டுகளே அங்கு அவளது வழக்காகும். கடைசியாகப் பணம் வந்த மாதத்தையும், கணவரின் கடைசி விலாசத்தையும், தாய் வீட்டில் அவள் வாழ்ந்ததை அறிந்த அயலவர் இருவரின் பெயர்களையும் முதல் நாளிலேயே எழுதிக் கொண்டு செல்லட்டும்.