அது நரம்பே இல்லைங்க: வெரிகோஸ் வெயினும் ஒரு டிபன் கடையும்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். கச்சிராயபாளையத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். கள்ளக்குறிச்சியில இருந்து கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலைப் பக்கம் போனவங்களுக்கு அந்த ஊர் தெரியும். அவங்க அம்மா அங்க டிபன் கடை வச்சிருக்காங்க. விடியறதுக்கு முன்னாடி தோசைக்கல் முன்னால நின்னா, மதியம் வரைக்கும் நின்னபடிதான் வேலை. இடது கால்ல ரொம்ப நாளா நரம்பு சுருட்டல். இப்போ கணுக்காலுக்கு உள்பக்கமா, கொஞ்சம் மேல ஒரு புண். நாலு மாசமா ஆறலை. டாக்டர் ஸ்கேன் பார்த்துட்டு, "லேசர்ல மூடிடலாம்"னு சொல்லியிருக்கார். அம்மா பிடிவாதமா மாட்டேன்னுட்டாங்க. "நரம்பை மூடினா கால் விளங்காமப் போயிடாதா?"ன்னு கேக்குறாங்களாம்.

பயம் நியாயமானது. தப்பு அவங்க மேல இல்லை, நாம பேசுற வார்த்தை மேல. ஊசி போடும்போது நர்ஸ் "நரம்பு கிடைக்கல"ன்னு சொல்வாங்க இல்ல? அவங்க தேடுறது ரத்தக்குழாயை. பாடப்புத்தகத்துல அதுக்குப் பேர் சிரை. உணர்ச்சியைக் கடத்துற நரம்பு வேற. ஊர்ல ரெண்டுக்கும் ஒரே பேர். அதனால சிரையை மூடுறதுன்னா பக்கவாதம் வர்ற மாதிரி கற்பனை ஓடுது.

கால்ல இருக்கிற ரத்தம் மேல ஏறணும். கெண்டைச்சதை அழுத்தித் தள்ளும்; ஏறினது கீழ இறங்காம சிரைக்குள்ள சின்னச் சின்ன வால்வுகள் பிடிச்சுக்கும். கிணத்து மோட்டார்ல ஃபுட் வால்வு இருக்கே, அதே வேலைதான். ஃபுட் வால்வு லீக் ஆனா பைப்ல நிக்கிற தண்ணி கிணத்துக்கே போயிடும். இங்க வால்வு கெட்டா ரத்தம் கீழ தேங்குது, சிரை புடைச்சு நெளியுது, கணுக்கால் தோல் கறுத்து, கடைசியில புண்ணாகுது. அந்த அழுத்தம் குறையாம மேல எத்தனை களிம்பு, மஞ்சள் போட்டாலும் புண் லேசுல மூடாது.

சரி, அந்தச் சிரையை மூடிட்டா ரத்தம் எங்க போகும்? கால்ல பெரும்பாலான ரத்தம் ஆழத்துல இருக்கிற சிரைகள் வழியாத்தான் ஏறுது. மேலாக இருக்கிற கெட்ட சிரையை அடைச்சா, ரத்தம் நல்ல பாதைக்கு மாறிக்கும். ஆனா அந்த ஆழமான பாதை அடைப்பில்லாம இருக்கணும். அதுக்குத்தான் டாப்ளர் ஸ்கேன். முடிஞ்சவரைக்கும் நிக்க வச்சு எடுக்கணும், ஏன்னா நிக்கும்போதுதான் வால்வு லீக் ஒழுங்காத் தெரியும்.

முன்னாடி இடுப்பு மடிப்புல வெட்டி, சிரையைக் கட்டி உருவி எடுப்பாங்க. இப்போ முழங்கால் பக்கத்துல ஒரு ஊசித் துளை போதும். ஸ்கேன் பார்த்துக்கிட்டே மெல்லிய குழாயைத் தொடை மேல் வரை ஏத்துவாங்க. சிரையைச் சுத்தி மரத்துப்போற மருந்து கலந்த சலைன். அப்புறம் உள்ளிருந்து சூடு. லேசர்னா ஒளியால, ரேடியோ அலைன்னா சுமார் 120 டிகிரி, ஒவ்வொரு பகுதிக்கும் 20 செகண்ட். குழாயை இறக்கிக்கிட்டே மூடிட்டு வருவாங்க. பெரும்பாலானவங்க அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போயிடலாம்.

அம்மாவோட பயத்துல துளி உண்மையும் இருக்கு. முழங்காலுக்குக் கீழ இந்தச் சிரையை ஒட்டி ஒரு நிஜமான நரம்பு ஓடுது. அங்க சூடு பட்டா தோல் கொஞ்சம் மரத்துப் போகலாம். பெரும்பாலும் நாளாக நாளாகச் சரியாகிடும். அது தொடு உணர்ச்சிக்கான நரம்பு, காலை அசைக்கிற நரம்பு இல்லை.

சூடு வேண்டாம்னா நுரை ஊசி இருக்கு. மருந்தையும் காத்தையும் ரெண்டு சிரிஞ்சுக்கு நடுவுல மாத்தி மாத்தித் தள்ளி நுரையாக்கி ஏத்துறது. செலவு குறைவு, நெளிஞ்ச சிரைக்கும் போகும்; ஆனா திரும்ப வர வாய்ப்பு அதிகம். பசை வச்சு ஒட்டுறதும் உண்டு. ஃபெவிக்விக்கோட மருத்துவச் சொந்தக்காரன்! விலைதான் இடிக்கும். பிரிட்டன்ல 2013-ல வந்த வழிகாட்டுதல் சூட்டு முறையை முதல்லயும், நுரையை அடுத்தும், வெட்டுற ஆபரேஷனைக் கடைசியிலயும் வச்சது.

தம்பி கவனிக்க வேண்டியது, அவங்களுக்குப் புண் வந்தாச்சு. 2018-ல பிரிட்டன்ல 450 பேரை வச்சு நடந்த ஆய்வுல, கட்டுப்போடுறதோட சேர்த்து சிரையையும் சீக்கிரமே மூடினவங்களுக்குப் பாதிப்பேருக்குப் புண் ஆற 56 நாள் ஆச்சு. தள்ளிப்போட்டவங்களுக்கு 82 நாள். டிபன் கடைக்கு 26 நாள் சின்ன விஷயமில்லை.

அழுத்தக் கட்டும் ஸ்டாக்கிங்ஸும் நம்ம ஊர் வெயில்ல நரகம்தான், ஒத்துக்கிறேன். ஆனாலும் கழட்டி எறியாதீங்க. சர்க்கரை இருந்தா, பாதத்துல நாடி சரியா ஓடுதான்னு டாக்டர் பார்த்த பிறகுதான் மாட்டணும். லேசருக்கு அப்புறம் கெண்டைச்சதை திடீர்னு வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி.

மலை மேல இருக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. புடைச்ச சிரை உடைஞ்சா ரத்தம் பீச்சும். உடனே படுக்க வச்சு, காலை நெஞ்சுக்கு மேல தூக்கி, சுத்தமான துணியால அந்த இடத்தை விடாம அழுத்துங்க. நின்னுக்கிட்டே துடைச்சா நிக்காது. அப்புறம் 108.

செலவுக்கு: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எடுத்துக்கிட்டு முதல்ல சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரியில சர்ஜரி ஓ.பி.யைப் பாருங்க. எந்த முறை அங்கேயே முடியும், எது காப்பீட்டுல வரும்னு நேரா கேளுங்க. இல்லைன்னா எங்க அனுப்புவாங்கன்னும் கேட்டுடுங்க.

கடைசியா, 2021-ல தமிழ்நாடு சட்டம் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம்னு ஆக்குச்சு. சொந்தக் கடைக்கு யார் வந்து செக் பண்ணப் போறாங்க? தம்பி, கல்லுக்குப் பக்கத்துல உயரமான ஒரு ஸ்டூலை நீங்களே வாங்கிப் போடுங்க. மாவு ஊத்திட்டு வேகுற நேரத்துக்காவது உட்காரட்டும். அம்மாகிட்ட முதல்ல அந்த நர்ஸ் ஊசிக் கதையைச் சொல்லுங்க, லேசர் பேச்சை அப்புறம் எடுங்க.