வெள்ளைக்குள் வெள்ளை

வெள்ளைப் பீங்கான் தட்டில் நாலு இட்லி. ஜன்னலோரம் வைத்து, கேமராவை ஆட்டோவில் விட்டுப் படம் எடுத்தேன். நேரில் மல்லிகைப்பூவாக இருந்தது, படத்தில் முந்தாநாள் இட்லி மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது.

இட்லி மேல் குற்றமில்லை. கேமராவின் ஒளிமானிக்கு இட்லியும் தெரியாது, எருமையும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். வெள்ளையைப் பார்த்தால் வெளிச்சம் மிஞ்சிவிட்டதென்று குறைத்துவிடும். நாம்தான் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டிக் கொடுக்கவேண்டும். ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு.

படம் முழுக்க வெளிர் நிறம், கருநிழலுக்கு இடமே இல்லை என்கிற பாணிக்கு 'ஹை கீ' என்று பெயர். விளக்குகளை அள்ளிக் கொட்டினால் வந்துவிடும் என்று நானும் நினைத்தவன்தான். சூட்சுமம் நிழலை நிரப்புவதில் இருக்கிறது. முகத்தின் வெளிச்சப் பக்கம் நிழல் பக்கத்தைவிட எட்டு மடங்கு பிரகாசமாக இருந்தால் அது திகில் படம். இரண்டு மடங்குக்குள் அடங்கினால் ஹை கீ. இட்லிக்கு மறுபுறம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினேன். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பியதும், இட்லிக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு கரைந்துபோனது. ஜன்னலில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டேன். வெயில் நேராக விழாமல் வேட்டி முழுவதுமே விளக்காகி, நிழலின் ஓரமும் மழுங்கிவிட்டது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்த ஹை கீ ஒளி ஒரு நெருக்கடியால் வேரூன்றியது. 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' நகைச்சுவைத் தொடரை, பார்வையாளர்கள் முன்னால் மூன்று ஃபிலிம் கேமராக்களில் ஒரே நேரத்தில் படமாக்கினார்கள். ஒரு கேமராவுக்கு அழகாக விழும் நிழல் இன்னொன்றுக்கு அசிங்கம். ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்கை மாற்ற நேரமில்லை. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் மேலே வரிசையாக விளக்குகளைக் கட்டி, அரங்கம் முழுக்க ஒரே சீராக ஒளியைப் பரப்பினார். 1931இல் 'டிராகுலா'வை இருட்டில் குளிப்பாட்டியவரும் இவரேதான்!

இந்தப் பாணியில் ஒரு ஆபத்து உண்டு. சாதாரண டிஜிட்டல் படத்தில் ஒளியின் அளவு 0 முதல் 255 வரை. 255ஐத் தொட்டுவிட்ட இடம் வெறும் காகிதம்; இட்லியின் மேல்தோலில் இருக்கும் நுண்துளைகள் அங்கே போனால் போனதுதான், எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பின்னணி அப்படிப் போகலாம், இட்லி போகக்கூடாது.

எல்லாம் சரியாக வந்தும் படம் சப்பென்றிருந்தது. கண் நிற்க ஓர் இடமில்லை. குழந்தைப் படங்களில் அந்த இடத்தைக் கொடுப்பது கருவிழி. ஓரத்தில் கொஞ்சம் தேங்காய்ச் சட்னி வைத்தேன், தாளித்த கடுகோடு.