குருவுக்கு ஒரு சிறு விமானம்

நன்றி என்னும் கலை – 9

மாணவர்கள் தம் ஆசிரியர்க்கு அளிக்கும் காணிக்கைகளுள், காசு கொடுத்து வாங்கியவற்றைவிடக் கையால் செய்தவற்றுக்கே மதிப்பு அதிகம் என்று சென்ற வாரம் எழுதினேன். விமானம் ஓட்டக் கற்றவர்களிடையே காணப்படும் ஓர் அரிய வழக்கத்தை இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன். தமக்குப் பறக்கக் கற்பித்த பயிற்றாசிரியருக்கு, அவருடன் தாம் பறந்த விமானத்தையே அளவு பிசகாமல் சிறிதாகச் செய்து, மரப் பீடத்தில் நிறுத்தி, நன்றிக் காணிக்கையாகச் சமர்ப்பிப்பதே அது.

மாதிரி விமானங்களின் அளவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1930-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வெளிவந்த ஸ்கைபேர்ட்ஸ் என்னும் மர மாதிரிகள், ஆறடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கைக் கைக்கொண்டன; 72-இல் ஒரு பங்கு என்னும் அந்தப் பிரமாணமே பின்னர் உலகெங்கும் பரவிற்று. நட்பு விமானம் எது, பகை விமானம் எது என்று வீரர்கள் பார்த்த மாத்திரத்தில் அறியப் பழகும்பொருட்டு, 5,00,000 மாதிரிகளைச் செய்து தரும்படி 1942-இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களை வேண்டியபோதும் அதே அளவைத்தான் விதித்தது. இவ்வாறு கற்பிக்கும் கருவியாக விளங்கிய ஒரு பொருள், கற்பித்தவருக்கே உரிய காணிக்கையாவது மிகவும் பொருத்தமானது.

நம் நாட்டில் பறக்கக் கற்ற முன்தலைமுறையினர் பலருடைய நெஞ்சில் நிலைத்திருப்பது புஷ்பக் விமானம். பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் உருவாகி, 1958 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்து, பின்பு பல ஊர்களின் பிளையிங் கிளப்புகளுக்குச் சென்ற அது, துணி போர்த்த உயர்ந்த இறக்கையும், 90 குதிரைசக்தி இயந்திரமும், ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமரும் இரண்டு ஆசனங்களும் கொண்ட எளிய விமானம். இறக்கையின் வீச்சு ஏறக்குறைய 36 அடி ஆதலால், 72-இல் ஒரு பங்காகச் செய்தால் 6 அங்குலமும், 48-இல் ஒரு பங்காகச் செய்தால் 9 அங்குலமும் வரும். முதிய கண்கள் உள்ளறையைச் சிரமமின்றி நோக்க 9 அங்குலமே உகந்தது என்பது என் அபிப்பிராயம். ஸ்பிட்ஃபயர் போன்ற புகழ்பெற்ற போர் விமானங்களுக்கு அச்சில் வார்த்த பாகங்கள் பெட்டியில் அடைத்துக் கிடைப்பதுபோல் புஷ்பக்கிற்குக் கிடைப்பது அரிது. ஆகவே வரைபடத்தைச் சிறிதாக்கி, பால்சா மரத்தையும் பாலிஸ்டைரீன் தகட்டையும் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, அனைத்தையும் கையாலேயே ஆக்கவேண்டும்.

வெட்டத் தொடங்குமுன் நிர்ணயிக்க வேண்டிய விஷயம், எந்த விமானம், எந்த நாள் என்பது. ஒவ்வொரு விமானியின் லாக் புத்தகத்திலும், ஒவ்வொரு பறப்புக்கும் எதிரே தேதியும், விமானத்தின் இனமும், வி.டி. என்று தொடங்கும் அதன் ஐந்தெழுத்துப் பதிவுக்குறியும் எழுதப்பட்டிருக்கும். அதே விமானம் பிற்காலத்தில் வேறு வர்ணம் பூண்டிருக்கக் கூடுமாதலால், அந்த ஆண்டில் எடுத்த புகைப்படத்தையே தேடிப் பிடிக்கவேண்டும்.

வர்ணத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தூரத்துப் பொருளின் நிறம் இடையிலுள்ள காற்றால் சற்று வெளிறித் தோன்றுவது இயற்கை; சிறு மாதிரியைப் பார்ப்பது பெரிய விமானத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமானம்; ஆதலால் அசல் வர்ணத்தை அப்படியே பூசினால் அது கறுத்துக் காணும், சிறிது வெள்ளை கலந்து பூசினாலோ மெய்யாகத் தோன்றும். பதிவெழுத்துக்களை டிகால் தாளில் அச்சிட்டு, வார்னிஷ் பூசி உலர்த்தி, நீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டுவார்கள். சாதாரண அச்சு இயந்திரத்தில் வெள்ளை மை இல்லாமையால், வெள்ளை எழுத்தாயின் ஒட்டுநாடாவில் அதன் வடிவை வெட்டியெடுத்து, அந்த இடைவெளியில் வர்ணம் தெளிப்பார்கள்.

பறக்கக் கற்பவனுக்குத் தலையாய நாள், அவன் முதன்முதலாகத் தனித்துப் பறந்த நாள். அதுகாறும் வலப்பக்கத்தில் அமர்ந்து ஒவ்வோர் அசைவையும் கவனித்துவந்த ஆசிரியர், அன்று விமானத்தை விட்டு இறங்கி, காலியான தம் ஆசனத்தின் வார்கள் அவிழ்ந்து இயக்கும் கருவிகளில் சிக்கிவிடாதபடி அவற்றை இறுகப் பூட்டி, கதவைச் சாத்தி, அவனைத் தனியே அனுப்புவார். அந்நாளின் ஞாபகமாகச் செய்யும் மாதிரியில், மெல்லிய ஈயத்தகட்டைக் கீறி வார்களாக்கி, வலப்பக்க ஆசனத்தின்மேல் பூட்டிய நிலையில் வைக்கவேண்டும். தம் மாணவன்மேல் தாம் கொண்ட நம்பிக்கையை அந்தச் சிறு வாரில் ஆசிரியர் கண்டுகொள்வார். பீடத்தில் பதிக்கும் பித்தளைத் தகட்டிலோ பதிவுக்குறியும், தேதியும், விமானத்தளத்தின் பெயரும், இருவர் பெயர்களும் போதும், புகழுரை வேண்டுவதில்லை.

விமானத்தில் ஏறுமுன் அதைச் சுற்றிவந்து, கீல்களையும் சக்கரங்களையும், இறக்கைத் துணியின் தையலையும், எண்ணெயின் அளவையும் ஒன்றுவிடாமல் பரிசோதிக்கவேண்டும் என்பதே ஆசிரியர் புகட்டும் முதற்பாடங்களுள் ஒன்று. ‘இருக்கும்’ என்று எண்ணிவிடாமல் ‘இருக்கிறது’ என்று கண்டறியும் அந்தச் சிரத்தையைத்தான், ஒரு கீலைச் செய்வதற்காகப் பல புகைப்படங்களை ஆராயும்போது மாணவன் மீண்டும் அனுஷ்டிக்கிறான். ஆகவே பிழையற்ற மாதிரி ஒன்றைப் பெறும் ஆசிரியர், தாம் கற்பித்தது வீண்போகவில்லை என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சியத்தைப் பெறுகிறார். வேறு எந்தப் பரிசும் அதைக் கொடுக்க இயலாது.

இதைப் படிக்கும் அன்பர்களுள் அவ்விதம் கடமைப்பட்டவர் எவரேனும் இருப்பின், அவரிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய வேலை மாதக்கணக்கில் நீளக்கூடியது. ஆசிரியருக்கோ வயது ஏறிக்கொண்டிருக்கிறது. லாக் புத்தகத்தை இன்றே எடுத்து, அந்தத் தேதியையும் பதிவுக்குறியையும் குறித்துக்கொண்டு, வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

(தொடரும்)