பூட்டிய அறையும் பேசும் படமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்)

எங்கள் சவ்வாது மலையில் பகலில் வீட்டுக் கதவை யாரும் சாத்துவதில்லை. செம்மரம் வெட்டியதாகப் பிடிபட்டு, அண்டை மாநிலச் சிறை ஒன்றில் பல மாதம் விசாரணைக் கைதியாக இருந்து திரும்பிய என் மாமாவோ இரவிலும் சாத்த விடமாட்டார். "பாஷை தெரியாம நாலு பேரு நடுவுலயே நான் தனியாத்தான் கெடந்தேன் மாப்ளே. ஒருத்தனத் தனி ரூம்புல போட்டா என்ன ஆவான்?" என்று ஒரு நாள் கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

தனிமைச் சிறை என்பது யாது? பிறருடைய முகமும் பேச்சும் எட்டாதபடி கைதியை அடைத்து வைப்பதாகும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 73, 74 பிரிவுகள் இத்தண்டனைக்கு எல்லை வகுத்தன: மொத்தம் 3 மாதங்களுக்கு மேலும், ஒரே தொடர்ச்சியாக 14 நாட்களுக்கு மேலும் கூடாது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இதனைத் தொடர்கிறது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர் என்ற காரணத்தாலேயே ஒருவரைச் சிறை நிர்வாகம் தனிமையில் அடைக்கலாகாது என்று 1978இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2015இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், 15 நாட்களைத் தாண்டிய தனிமையை அறவே விலக்குகின்றன.

இத்தனை இருந்தும் குறை நீடிப்பது ஏன்? பூட்டிய அறைக்குச் சாட்சி இல்லை. ஒளி படாத பொருள் கண்ணுக்குப் புலப்படாது என்பது நாம் பாடத்தில் படித்ததன்றோ? அந்த ஒளியைத் தர முயல்வதே ஆவணப்படம். நெருக்கடி நிலைக் காலத்தையும் அரசியல் கைதிகளையும் பற்றி ஆனந்த் பட்வர்தன் 1978இல் 'ஜமீர் கே பந்தி' என்ற படத்தை எடுத்தார்.

நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளன், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் தம் 19ஆம் வயதில் கைதானார். 1998 முதல் 2014 வரை தூக்குக் கயிற்றின் நிழலில் வாழ்ந்தார். 2013இல் மரண தண்டனைக்கு எதிராக 'உயிர்வலி' என்னும் ஆவணப்படம் வெளியானது. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி தியாகராசன் அதில் தோன்றி, 'பேட்டரி எதற்கென்று எனக்குத் தெரியாது' என்ற பொருளில் அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக ஒப்புக்கொண்டார். 2017இல் அதனையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் அளித்தார்.

படம் சிறைக் கதவைத் திறந்துவிட்டது என்று நான் கூறவில்லை. 2014இல் தண்டனை குறைந்தது கருணை மனுவின் தாமதத்தால். 2022 மே 18இல் விடுதலை கிடைத்தது அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவால். ஆனால் 22 ஆண்டுகள் ஒருவர் நெஞ்சில் பூட்டிக் கிடந்த சொல்லை, படக்கருவியின் முன்னிலை வெளிக்கொணர்ந்தது. அக்கொலையில் உறவினரை இழந்தோரின் துயரும் மெய்யே. குற்றத்திற்குத் தண்டனை வேண்டும். மனிதக் குரலே கேளாத தண்டனை வேண்டுமா என்பதே வினா.

நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே! நம் கல்லூரி அரங்கில் ஆண்டுக்கு ஓர் ஆவணப்படமேனும் திரையிடுவோம். படம் முடிந்தபின் விளக்கைப் போட்டு, என் மாமா போன்ற ஒருவரையும் பேசச் சொல்வோம். நாம் கேட்கும் அந்த அரை மணி நேரமாவது அவருடைய தனிமை குறையட்டும்.