மின்துடிப்பும் மஞ்சளும்: புற்றுநோய்ச் சிகிச்சை பற்றி அறிய வேண்டியவை

"மஞ்சளையும் மின்சாரத்தையும் கொண்டு மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்தலாமாமே, உண்மையா?" என்று நோயாளிகளும் குடும்பத்தினரும் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு அடிப்படையான ஆய்வு உண்மையானதே. ஆனால் அதன் முடிவு, மருந்துக்குப் பதிலாக மஞ்சள் போதும் என்பதன்று.

மின்துடிப்பு என்ன செய்கிறது?

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. முல்லைப் பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கின் கால்வாயில் நிரம்பி ஓடினாலும், மதகைத் திறந்தால்தான் வயலுக்குப் பாயும். அதுபோல, இரத்தத்தில் மருந்து கலந்திருந்தாலும், சவ்வைக் கடந்தால்தான் உயிரணுவினுள் சேரும். பிளியோமைசின் என்னும் புற்றுநோய் மருந்து உயிரணுவின் டி.என்.ஏ.வை அறுக்கும் ஆற்றல் மிக்கது. ஆயினும் அது தானாகச் சவ்வைக் கடப்பது மிகக் குறைவு.

வலிமையான மின்துடிப்புகளைக் கணநேரம் செலுத்தினால் சவ்வில் நுண்துளைகள் உண்டாகும். சில நிமிடங்களில் அவை மூடிக்கொள்ளும். அதற்குள் நுழைந்த மருந்து உள்ளேயே தங்கிவிடும். இம்முறைக்கு எலக்ட்ரோபோரேஷன் என்று பெயர். 1982-இல் எபர்ஹார்ட் நாய்மன் குழுவினர் இவ்வழியில் எலியின் உயிரணுக்களுக்குள் மரபணுவைச் செலுத்திக் காட்டினர். 1990-களின் தொடக்கத்தில் பிரான்சில் லூயி மிர் குழுவினர் இம்முறையையும் பிளியோமைசினையும் இணைத்து நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தனர். இதுவே எலக்ட்ரோகீமோதெரபி.

யாருக்குப் பயன்படும்?

தோலிலும் தோலுக்கு அடியிலும் உள்ள புற்றுக் கட்டிகளுக்கே இது பெரிதும் பயன்படுகிறது. மயக்க மருந்தோ மரத்துப்போகும் ஊசியோ கொடுத்த பின், கட்டியில் மின்முனைகளைப் பொருத்தி, வழக்கமாக 8 துடிப்புகள் செலுத்தப்படும். ஒவ்வொன்றும் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். கட்டி சுருங்கவும் இரத்தக் கசிவு குறையவும் இது உதவக்கூடும். எனினும் துடிப்பு செலுத்திய இடத்தில் மட்டுமே இதன் பயன் கிட்டும். உடலில் வேறிடங்களுக்குப் பரவிய நோயை இது நீக்காது. எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்கும் சிகிச்சையும் அன்று. நுரையீரல் அல்லது சிறுநீரகப் பாதிப்பு உடையோருக்கும், பேஸ்மேக்கர் பொருத்தியோருக்கும் தனிக் கவனம் தேவை.

மஞ்சள் எங்கே வருகிறது?

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜி சுந்தரராஜன் குழுவினர், மஞ்சளில் உள்ள குர்குமினை மின்துடிப்புடன் சேர்த்து ஆராய்ந்தனர். ஹார்மோன் மருந்துகளும் 'ஹெர்-2' மருந்துகளும் பலனளிக்காத 'டிரிபிள் நெகட்டிவ்' வகை மார்பகப் புற்றணுக்களே அவர்கள் எடுத்துக்கொண்டவை. குர்குமின் மட்டும் கொடுத்ததைவிட, துடிப்புடன் சேர்த்துக் கொடுத்தபோது புற்றணுக்கள் அதிகமாக அழிந்தன.

இது ஆய்வகக் கலத்தில் வளர்த்த உயிரணுக்களில் கண்ட முடிவு. நாம் உண்ணும் மஞ்சளிலுள்ள குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். எனவே மஞ்சள் உண்டால் புற்றுநோய் நீங்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

சமையலில் வழக்கம்போல் மஞ்சள் சேர்க்கலாம். குர்குமின் மாத்திரைகளை மருத்துவரிடம் கூறாமல் உட்கொள்ள வேண்டாம். அவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்துள்ளது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போருக்கு இரத்தக் கசிவு ஏற்படவும் கூடும். புற்றுநோயைக் கரைக்கும் என்று கூறி விற்கப்படும் மின்கருவிகளை வாங்கி வீட்டில் பயன்படுத்தாதீர்கள்.

அனைத்திலும் முக்கியமானது, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை இடையில் நிறுத்தாதிருப்பது. அறுவைச் சிகிச்சையால் நீக்கக்கூடிய நிலையிலுள்ள கட்டி, நாம் காத்திருக்கும் மாதங்களில் அந்நிலையைக் கடந்துவிடக்கூடும். புதிய சிகிச்சை எதைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், அது மனிதரில் சோதிக்கப்பட்டதா, உங்கள் நோய்வகைக்கும் நிலைக்கும் பொருந்துமா என்ற இரண்டையும் அடுத்த முறை வரும்போது உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.