அஞ்சல் வினியோக முகவர்

அஞ்சல் வினியோக முகவர் என்பது மின்னஞ்சல் வழங்கியை வந்தடைந்த மடலை, அவ்வழங்கியிலுள்ள உரிய பயனரின் அஞ்சல்பெட்டியில் கொண்டு சேர்க்கும் மென்பொருள் ஆகும். மடலை இணையத்தின் வழியே ஒரு வழங்கியிலிருந்து மற்றொரு வழங்கிக்குக் கொண்டு செல்வது அஞ்சல் பரிமாற்ற முகவரின் வேலை. பயனர் மடலைத் திறந்து படிக்க உதவுவது அஞ்சல் வாசிப்பி. இவ்விரண்டுக்கும் இடையில் இயங்குவதால் வினியோக முகவரைப் பயனர்கள் நேரடியாகக் காண்பதில்லை. எனினும் மடல் காணாமல் போகும்போது முதலில் ஆராயவேண்டிய இடங்களுள் இதுவும் ஒன்று.

காகிதக் கடிதத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். 600045 என்ற அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பார்த்துக் கடிதத்தைத் தாம்பரம் அஞ்சலகம் வரை கொண்டு வருவது ஒரு வேலை. அங்கிருந்து தெருவும் கதவு எண்ணும் பார்த்து வீட்டில் சேர்ப்பது தபால்காரரின் வேலை. 600044 என்பது குரோம்பேட்டைக்குரியது என அறிந்திருப்பது முதல் வேலைக்குப் போதுமானது. வீடு பூட்டியிருக்கிறது, பெட்டி நிரம்பியிருக்கிறது என்பன தபால்காரருக்கே தெரியும். வீடு பூட்டியிருந்தால் நேரில் ஒப்படைக்க வேண்டிய தபாலைப் பிறகு மீண்டும் கொண்டு வருவார். அப்பெயரில் எவருமே இல்லையெனில் அனுப்பியவருக்குத் திருப்பிவிடுவார். மின்னஞ்சல் முகவரியில் "அட்" குறிக்குப் பின்னுள்ள பகுதி அஞ்சல் குறியீட்டு எண்ணைப் போன்றது. முன்னுள்ள பகுதி கதவு எண்ணைப் போன்றது. வினியோக முகவர் பார்ப்பது இந்த முன்பகுதியையே.

வரலாறு

1971 இல் வெளிவந்த யுனிக்சின் முதல் பதிப்பிலேயே அஞ்சல் நிரல் ஒன்று இருந்தது. ஒரே கணினியின் பயனர்களிடையே மடல்களைச் சேர்ப்பதே அதன் பணி. பிணையங்கள் பெருகிய பின்னரே பரிமாற்றமும் வினியோகமும் தனித்தனி நிரல்களாகப் பிரிந்தன. எரிக் ஆல்மன் உருவாக்கிய சென்ட்மெயில் மடலைக் கொண்டு வரும். பெட்டியில் போடும் வேலையை வேறொரு சிறு நிரலிடம் ஒப்படைக்கும். இப்பிரிவினை இன்றளவும் தொடர்கிறது.

இந்தியாவில் 1986 இல் தொடங்கப்பட்ட எர்னெட் திட்டத்தின் எட்டுப் பங்காளி நிறுவனங்களுள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஒன்று. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அக்காலத்தில் சென்னை வாடிக்கையாளர் பலரின் முகவரியில் "ஜியாஸ்எம்டி01" என்ற கணினிப் பெயர் இடம்பெற்றிருந்தது. அதிலுள்ள "எம்டி" மெட்ராசைக் குறித்தது. எழுத்து மட்டுமே தெரியும் கணக்கு வைத்திருந்தவர் தொலைபேசி வழியாக அந்தக் கணினிக்குள் நுழைந்து அங்கேயே மடலைப் படிப்பார். அவரது அஞ்சல்பெட்டி வினியோக முகவர் எழுதி வைத்த கோப்பேயன்றி வேறில்லை.

பொறுப்பு கைமாறும் இடம்

பரிமாற்ற முகவர் மடலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு வினியோக முகவரை இயக்கும். வேலை முடிந்ததும் வினியோக முகவர் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 எனில் மடல் சேர்ந்துவிட்டது; வரிசையிலுள்ள படி அழிக்கப்படும். 75 எனில் தற்காலிகத் தடங்கல்; மடல் வரிசையிலேயே இருக்கும், பிறகு மீண்டும் முயலப்படும். 67 எனில் அப்படியொரு பயனர் இல்லை. மடல் அனுப்பியவருக்குத் திரும்பும். வினியோக முகவரை அமைப்பதென்பது பெருமளவு இந்த எண் சரியாக வருமாறு பார்த்துக்கொள்வதேயாகும்.

போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளில் தற்காலிகத் தடங்கலுக்குள்ளான மடல் இயல்பாக 5 நாள்கள் வரிசையில் காத்திருக்கும். முயற்சிகளுக்கு இடைப்பட்ட நேரம் 300 நொடியில் தொடங்கி 4000 நொடி வரை நீளும். எனவே வட்டு நிரம்பினாலும் நிர்வாகி வந்து இடம் ஒழிக்கும் வரை மடல்கள் பத்திரமாக இருக்கும். ஆனால் வினியோக முகவர் 75 க்குப் பதிலாக நிரந்தரப் பிழை எண்ணைத் தந்தால் அடுத்த நொடியே மடல் திரும்பிச் செல்லும். வேலைக்கு விண்ணப்பித்த மாணவருக்கு வரவேண்டிய நேர்முகத் தேர்வு அழைப்பு இப்படித் திரும்பினால், அவருக்கு அது வந்த செய்தியே தெரியாது.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை

நீண்டகாலம் பரவலாகப் பயன்பட்ட புரொக்மெயில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எந்தப் பெட்டியிலும் மடலை எழுத இயலாதபோது அது இயல்பாக நிரந்தரப் பிழையையே தெரிவிக்கும். கட்டளையில் "மைனஸ் டி" என்னும் தெரிவைச் சேர்த்தால் மட்டுமே மடலை வரிசைக்கே திருப்பும். ஓர் எழுத்தில் அடங்கிய இவ்வேறுபாட்டைப் பல வழிகாட்டிகள் குறிப்பிடாமலே விட்டுவிடுகின்றன.

இதைவிடக் கொடியது கட்டளையின் பெயரைப் பிழையாக எழுதுவது. நிரல் கிடைக்காதபோது யுனிக்சு ஓடு 127 என்ற எண்ணைத் தரும். போஸ்ட்ஃபிக்ஸ் இதனை நிரந்தரத் தோல்வியாகவே கொண்டு, வரும் மடல்கள் அனைத்தையும் திருப்பிவிடும். ஆகவே அமைப்பை மாற்றும் முன் "சாஃப்ட் பவுன்ஸ்" என்னும் அளவுருவை இயக்குவது நல்லது. அது இயங்கும் வரை நிரந்தரத் தோல்விகளும் தற்காலிகத் தோல்விகளாகவே கருதப்படும். சோதனை முடிந்ததும் அதனை நீக்கவேண்டும். இல்லையெனில் உண்மையிலேயே தவறான முகவரிக்கு எழுதியவருக்கும் நாள்கணக்கில் தகவல் போகாது.

வெளி நிரல் மூலம் வினியோகிக்கும்போது போஸ்ட்ஃபிக்ஸ் அந்நிரலை மடலைப் பெறுபவரின் உரிமையில் இயக்கும். தலைமைப் பயனரின் உரிமையில் ஒருபோதும் இயக்காது. ஆதலால் தலைமைப் பயனருக்கு வரும் மடலை வேறொரு மனிதப் பயனருக்குத் திருப்பும் மாற்றுப்பெயரை முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும். வழங்கியின் எச்சரிக்கை மடல்கள் அந்த முகவரிக்கே வருவதால் இதனை ஒதுக்கலாகாது.

ஒவ்வொரு மடலுக்கும் தனி நிரலை இயக்குவதற்குப் பதிலாக, எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் சேவை ஒன்றிடம் மடலை ஒப்படைக்கும் முறையும் உண்டு. இதற்கான எல்எம்டிபி நெறிமுறை 1996 இல் ஆர்எஃப்சி 2033 ஆக வெளியிடப்பட்டது. மூவருக்கு வந்த மடலில் இரண்டாமவரின் பெட்டி மட்டும் நிரம்பியிருந்தால், எஸ்எம்டிபியில் மூவருக்கும் சேர்த்து ஒரே விடையே தர இயலும். எல்எம்டிபி மூன்று விடைகளைத் தனித்தனியே தரும். திமோ சிரைனன் உருவாக்கிய டவ்காட் இம்முறையையும் தனி நிரல் முறையையும் கொண்டுள்ளது. புதிதாக வழங்கி அமைப்பவர் எல்எம்டிபியைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது.

மின்வெட்டும் சேமிப்பு முறையும்

தாம்பரத்தில் 1984 முதல் இயங்கும் சென்னை ஏற்றுமதி மண்டலம் போன்ற இடங்களிலுள்ள பெரிய நிறுவனங்களுக்கு மின்னாக்கிகள் உண்டு. வீட்டு மாடியிலோ சிறு அலுவலகத்திலோ லினக்சு வழங்கி வைத்திருப்பவருக்கு இருப்பது மின்கலம் மட்டுமே. 2012 இல் தமிழகமெங்கும் அறிவிக்கப்பட்ட மின்வெட்டு நாள்தோறும் நிகழ்ந்தது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய சூழலில், மடலை எழுதிக்கொண்டிருக்கும் போதே மின்சாரம் நின்றால் என்னவாகும் என்பது முக்கியமான கேள்வி.

பழைய எம்பாக்ஸ் முறையில் எல்லா மடல்களும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும். பாதியில் மின்சாரம் நின்றால் கோப்பின் இறுதியில் அரைகுறை மடல் தங்கிவிடும். அடுத்த மடல் அதனுடன் ஒட்டிக்கொள்ளவும் கூடும். இரு மடல்கள் ஒரே நேரத்தில் வந்தால் கோப்பைப் பூட்டுவதும் அவசியம். புரொக்மெயில் விதியின் தொடக்கத்தில் இரண்டாவது முக்காற்புள்ளி ஒன்றை இட மறந்தால் பூட்டு இடப்படாது.

டேனியல் பெர்ன்ஸ்டைன் தமது கியூமெயில் மென்பொருளுக்காக வடிவமைத்த மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மடலும் ஒரு தனிக் கோப்பு. முகவர் மடலை முதலில் தற்காலிக அடைவில் எழுதி, வட்டில் பதிந்ததை உறுதி செய்து, அதன்பின் புதியவை அடைவுக்கு மாற்றும். அதற்குப் பிறகே 0 திருப்பப்படும். இடையில் மின்சாரம் நின்றால் வரிசையிலுள்ள படி எஞ்சியிருப்பதால் மடல் மீண்டும் வினியோகிக்கப்படும். அரிதாக ஒரே மடல் இருமுறை வரலாம், அவ்வளவே. போஸ்ட்ஃபிக்ஸில் பெட்டியின் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு இட்டாலே மெயில்டிர் முறை தேர்ந்தெடுக்கப்படும்.

மின்சாரம் திரும்பியபின் வேறொரு சிக்கல் எழலாம். பயனர் அடைவுகள் தனி வட்டில் இருந்து, அவ்வட்டு இணைக்கப்படும் முன்னரே அஞ்சல் சேவை தொடங்கிவிட்டால், முகவருக்குப் பயனரின் அடைவும் தெரியாது, அவரது வடிகட்டி விதிகளும் தெரியாது. வட்டு இணைக்கப்பட்ட பின்னரே அஞ்சல் சேவை தொடங்குமாறு அமைப்பதே இதற்குத் தீர்வு.

தமிழ் மடல்களை வடிகட்டல்

மடலை அதன் தலைப்புக்கேற்ப வெவ்வேறு கோப்புறைகளில் இடுவதும் வினியோக முகவரின் பணியாகும். தமிழில் எழுதுவோர் இங்கு எதிர்பாராத தடை ஒன்றைச் சந்திப்பர். "விடுமுறை" என்ற சொல் தலைப்பில் வந்தால் தனிக் கோப்புறையில் இடுமாறு புரொக்மெயிலில் விதி எழுதினால், பெரும்பாலும் அது பொருந்தாது. மடலின் தலைப்பகுதியில் வழக்கமாகத் தமிழெழுத்துகள் நேரடியாக இராமையே காரணம். 1996 இல் வெளியான ஆர்எஃப்சி 2047 இன்படி அவை உரோமன் எழுத்துகளாகக் குறிமாற்றப்பட்டிருக்கும். புரொக்மெயில் அவற்றை மீட்டுப் பார்ப்பதில்லை.

யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளியும் 3 பைட்டு கொண்டது. பேஸ்64 முறை 3 பைட்டை 4 உரோமன் குறிகளாக மாற்றும். எனவே 8 புள்ளிகள் கொண்ட "விடுமுறை" 32 குறிகளாகும். அந்த 32 குறிகளையே விதியில் எழுதிவிடலாமே எனத் தோன்றும். சொல்லுக்கு முன் ஓர் இடைவெளி வந்தால் மூன்றின் கணக்கு ஒரு பைட்டு நகர்ந்து, அதே சொல் முற்றிலும் வேறு குறிகளாகத் தோன்றும். இரண்டு பைட்டு நகர்ந்தால் மூன்றாவது வடிவம். மேலும் ஒரு குறிமாற்றத் துண்டு 75 குறிகளுக்கு மிகலாகாது என்பதால், ஒரு துண்டில் 15 தமிழ்ப் புள்ளிகளே அடங்கும். சொல் இரண்டாக வெட்டுப்படவும் கூடும்.

சிவ் என்னும் வடிகட்டி மொழி இதனைத் தீர்க்கிறது. 2001 இல் ஆர்எஃப்சி 3028 ஆகவும் 2008 இல் திருத்தப்பட்டு ஆர்எஃப்சி 5228 ஆகவும் வெளியான இம்மொழியில், தலைப்பை யுடிஎஃப்-8 க்கு மீட்ட பின்னரே ஒப்பிட வேண்டும் என்பது விதி. டவ்காட்டுடன் இதற்கான நீட்சி கிடைக்கிறது. கோப்புறைப் பெயரையும் தமிழிலேயே எழுதலாம். ஐமேப் நெறிமுறை தமிழ்ப் பெயர்களை மாற்றியமைத்த யுடிஎஃப்-7 வடிவில் கையாளக்கூடும் என்பதால், வட்டில் அவை உரோமன் குறிகளாகக் காணப்படலாம். இதனை அறியாமல் புரொக்மெயில் வழியே தமிழ்ப் பெயரில் நேரடியாக அடைவு உருவாக்கினால், மடல் வட்டில் இருந்தும் வாசிப்பியில் தெரியாமல் போகலாம்.

சிவ் மொழியாலும் தீராத சிக்கல் ஒன்றுண்டு. "கொ" என்ற எழுத்தில் கொம்பையும் காலையும் ஒரே புள்ளியாகவும் எழுதலாம், இரு தனிப் புள்ளிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பைட்டு ஒப்பீட்டில் வேறுபடும். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் வரும் சொற்களை விதியில் தேடும்போது இரு வடிவங்களையும் சேர்த்து எழுதவேண்டும்.